பாடிய பிள்ளைகளும் பதியாத பாட்டும்

கொல்கத்தா என்றதும் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவன யாவை? தாகூரின் பாட்டு, ஹௌரா பாலம், துர்கா பூசை, ரசகுல்லா. அறிவியல் பயில்வோராயின் ஜகதீச சந்திர போசும் சர் சி. வி. இராமனும். ஊர் பார்க்க வரும் உறவினர்க்கு நாம் காட்டுவனவும் சொல்லுவனவும் பெரும்பாலும் இவையே. இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இற்றைக்கு அறுபது ஆண்டுகட்கு முன், நம் வயதொத்த இளைஞர்கள் இந்நகரில் நால்வர் ஐவராகச் சேர்ந்து, மின்கிதாரும் டிரம்மும் கொண்டு 'பீட்' இசைக்குழுக்கள் அமைத்தனர். பார்க் தெரு விடுதிகளிலும் கல்லூரி மன்றங்களிலும் பாடினர். கேட்டவர் கைதட்டினர், ஆடினர், வீடு திரும்பினர். பத்தாண்டுக்குள் அக்குழுக்களுள் பெரும்பாலானவை கலைந்தன. இன்று நியூ டவுனில் தெருவில் நிறுத்தி ஒருவரைக் கேட்டால், அக்குழுக்களில் ஒன்றன் பெயரையேனும் சொல்வாரா? ஐயமே. அவர்கள் யார், என்ன பாடினர், எவ்வாறு மறைந்தனர் என்பது வெறும் பழங்கதை அன்று. நம் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் மேடையில் என்ன செய்கிறது, என்ன செய்யத் தவறுகிறது என்பதற்கும் அக்கதையில் விடை இருக்கிறது.

முதலில் 'பீட்' என்பது யாது? 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில் தழைத்த இசைமுறை அது. பீட்டில்ஸ் குழுவினரால் உலகெங்கும் பரவியது. மூன்று கிதார், ஒரு டிரம், பாடுவதற்கு இரண்டு மூன்று குரல்; இவ்வளவே கருவி. நாற்பது பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டி வேண்டா; மேலைமுறைச் சுரக்குறிப்பு எழுதிப் படிக்கும் புலமை வேண்டா; பெரிய முதலாளி வேண்டா. நான்கு நண்பர்களும் ஒரு மாடி அறையும் இருந்தால் போதும். இளைஞர் உலகம் அதைப் பற்றிக்கொண்டது அதனால்தான். இசை என்பது மேடைமேல் இருப்பவர்க்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை உடைத்து, நாமும் செய்யலாம் என்ற துணிவை அது தந்தது. அதன் பெருமை அதுவே.

அந்த விதை விழுவதற்குக் கல்கத்தாவில் நிலம் பண்பட்டிருந்தது. பார்க் தெருவிலும் சௌரங்கியிலும் இருந்த உணவு விடுதிகளில் இரவுதோறும் ஜாஸ் இசை நடந்தது. ஆங்கிலோ-இந்தியரும் கோவாக்காரரும் வாத்தியங்களில் தேர்ந்து விளங்கினர். மொக்காம்போ, ப்ளூ ஃபாக்ஸ், மூலன் ரூஜ், ட்ரிங்காஸ் என்னும் விடுதிகளின் பெயர்கள் நாடறிந்தவை. வானொலியிலும் மேனாட்டுப் பாடல்கள் ஒலித்தன. 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கி வைத்தபோது தமிழரும் வடநாட்டாரும் இலங்கை வானொலிக்குக் காது கொடுத்தார்கள் அல்லவா? ஆங்கிலப் பாட்டுக்கும் அவ்வாறே கடல் கடந்து காது கொடுத்தவர் பலர்.

ஆனால் கருவி கிடைப்பது எளிதன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியிருந்த காலம். வெளிநாட்டு மின்கிதார் வாங்குவதென்பது எட்டாக்கனி. உள்ளூரில் செய்ததைக் கொண்டும், கப்பலிலோ விமானத்திலோ வந்தவரிடம் இரவல் பெற்றதைக் கொண்டும் காலம் தள்ள வேண்டியிருந்தது. ஒரு பாட்டைக் கற்பதென்றால் தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் காதால் பிடிக்க வேண்டும். இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் எந்தப் பாட்டும் எழுத்தும் சுரமுமாக வந்து நிற்கிறது. அன்று அதற்கு ஒரு வாரம் ஆனாலும் வியப்பில்லை.

இத்தகைய சூழலில் எழுந்தவையே கவலியர்ஸ், ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ், கல்கத்தா சிக்ஸ்டீன் முதலிய குழுக்கள். கடைசிப் பெயர் கவனிக்கத்தக்கது. பதினாறு என்பது பார்க் தெரு வட்டாரத்தின் அஞ்சல் எண். பின்கோடு வந்த பின்பும் அவ்வட்டாரம் 700016 தான். பாட்டு அயல்நாட்டுப் பாட்டு. பெயர் மட்டும் தம் தெருவின் பெயர்! இந்த முரண்பாட்டிலேயே இவ்விளைஞர்களின் முழுக்கதையும் அடங்கிக் கிடக்கிறது என்பேன்.

இவர்களைப் பற்றி எழுத ஓர் ஏடும் இருந்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நிறுவனம் 1967-இல் டெஸ்மண்ட் டாய்க் என்பாரை ஆசிரியராகக் கொண்டு 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' என்ற வார இதழைக் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டது. இளைஞர்க்கென்றே வந்த அவ்விதழ் 1977-இல் நின்றது. பீட் குழுக்களைப் பற்றிய செய்திகளும் படங்களும் அதில் வந்தன. இன்று இவ்வரலாற்றைத் தேடுவோர்க்கு அவ்விதழின் பழைய ஏடுகளே பெருந்துணை. எழுதியது நின்றது என்பதற்கு இதுவே முதற்சான்று.

இனி, இக்கதையின் உயிர்நிலைக்கு வருவோம். தொடக்கத்தில் இக்குழுக்களில் பெரும்பாலானவை பிறர் பாட்டையே பாடின. பீட்டில்ஸ் பாடியதைப் பீட்டில்ஸ் போலவே பாடுபவனுக்குக் கைதட்டு அதிகம். அச்சுப் பிசகாமல் பாடுவதே திறமை என்று கருதப்பட்டது. ஆனால் 1969-ஐ ஒட்டி ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கவலியர்ஸ், ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் குழுக்களிலிருந்து வந்தோர் சேர்ந்து 'கிரேட் பேர்' என்ற குழுவைத் தொடங்கினர். 'பெருங்கரடி' என்று பெயர். வானத்தில் ஏழு முனிவர் மண்டலத்தைத் தன்னகத்தே கொண்ட விண்மீன் கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். அக்குழுவின் முன்னணியில் நின்றவர் திலீப் பாலகிருஷ்ணன். பிறர் பாட்டைப் பாடினால் மட்டும் போதாது, நம் பாட்டை நாமே இயற்ற வேண்டும் என்று துணிந்தவர்களுள் இவர் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார். பெயர் நம் காதுக்குப் பழகிய பெயர், இயற்றியதோ ஆங்கிலத்தில். பின்னர் 1970களின் நடுவில் 'ஹை' என்ற குழுவை நண்பர்களுடன் அமைத்து அதே வழியில் நடந்தார். 1990-இல் அவர் மறைந்தார். அக்குழுவின் கதையும் அதனோடு முடிந்தது.

சொந்தப் பாட்டு இயற்றிய இவர்களுக்கு இசைத்தட்டு கிடைத்ததா? இங்கேதான் நெஞ்சு பொறுக்கவில்லை. நியூ டவுனிலிருந்து விமான நிலையத்தைக் கடந்தால் டம்டம். அங்கே ஜெசூர் சாலையில் இருந்தது கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை. 1928 முதல் அங்கு இசைத்தட்டு அச்சிட்டார்கள். நாய் குழாயின் முன் அமர்ந்திருக்கும் படம் போட்ட தட்டுகள் நாடெங்கும் போன ஊர் அது. நம் பாட்டன்மார் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் கேட்ட தட்டுகளுள் டம்டமில் பிறந்தவை எத்தனையோ! அப்படிப்பட்ட ஊரில் பாடிய பிள்ளைகளுக்குக் கிடைத்தவை சில சிறு தட்டுகளே. விற்பனையாகும் திரைப்பாட்டு இருக்க, மாணவன் எழுதிய பாட்டை யார் அச்சிடுவார்? ஆலை அருகில் இருந்தும் ஆடையின்றி நின்றவன் கதையாயிற்று.

அப்படியிருந்தும் ஒரு பகுதி தப்பியது. எதனால் தெரியுமா? ஒரு சிகரெட்டினால்! கல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம், 'சிம்லா' என்ற தன் சிகரெட்டை விளம்பரம் செய்வதற்காக 'சிம்லா பீட்' என்ற பெயரில் அனைத்திந்தியப் போட்டி நடத்தியது. பல நகரங்களிலிருந்தும் குழுக்கள் வந்தன. அப்போட்டியை ஒட்டி 1970, 1971 ஆகிய இரண்டாண்டுகளில் இரண்டு பெருந்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டில் கிரேட் பேர் குழுவும் இடம்பெற்றது; ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் குழுவும் இடம்பெற்றது. பல ஆண்டுகட்குப் பின் வெளிநாட்டார் இவற்றைத் தேடி மறுபதிப்புச் செய்தனர். இந்திய இளைஞர் இசையின் ஒரு காலகட்டத்தைக் காத்தது அரசும் அன்று, பல்கலைக்கழகமும் அன்று, இரசிகர் சங்கமும் அன்று, புகையிலை விளம்பரம்! இதைக் காட்டிலும் நமக்கு வெட்கம் தரும் செய்தி வேறுண்டோ?

குழுக்கள் ஏன் கலைந்தன என்ற வினாவுக்குக் காலத்தையும் பார்க்க வேண்டும். 1967-இல் நக்சல்பாரியில் மூண்ட தீ, 1970-ஐ ஒட்டிக் கல்கத்தாத் தெருக்களில் பரவியது. கல்லூரிகள் மூடின, இளைஞர் பலர் மாண்டனர், மாலை வேளையில் வெளியே செல்லத் தாய்மார் அஞ்சினர். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். நமக்குப் பக்கத்திலுள்ள சால்ட் லேக் அன்று வெட்டவெளி. அங்கே பெரும் அகதி முகாம் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள் நியூயார்க்கில் இரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேசத்துக்காக இசைநிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டியது அந்தத் துயரைக் கண்டுதான். உலகமே பாட்டால் உதவ முன்வந்த அவ்வேளையில் கல்கத்தாவில் பாட்டுக்கு இடம் சுருங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் மின்வெட்டு; மின்கிதாருக்கு மின்சாரம் வேண்டாமா? இசைநிகழ்ச்சி நடத்தும் விடுதிகள்மீது கேளிக்கை வரியும் விழுந்தது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. குழுவில் ஒருவன் போனால் தாளம் போயிற்று; மற்றொருவன் போனால் குரல் போயிற்று.

இவையெல்லாம் உண்மைக் காரணங்களே. ஆயினும் குழு கலைவது வேறு, பாட்டு அழிவது வேறு. மனிதர் கூடிய எந்தக் குழுவும் ஒருநாள் கலையும். பாட்டும் உடன்கட்டை ஏற வேண்டும் என்று எவ்விதியும் இல்லை. இதற்கு இதே நகரம் மறுசான்றும் தருகிறது.

1975-இல் கௌதம் சட்டோபாத்யாய் என்பவரும் அவர் உறவினர் நண்பர்களுமாக எழுவர் 'மொஹினேர் கோராகுலி' என்ற குழுவைத் தொடங்கினர். 'மொஹினின் குதிரைகள்' என்பது பொருள். ஜீவனானந்த தாசரின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். கௌதம் பார்க் தெரு விடுதிகளில் ஆங்கிலோ-இந்திய நண்பர்களோடு மேனாட்டுப் பாட்டு வாசித்துப் பழகியவர். நக்சல் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறையும் கண்டவர். அவர் குழு கிதாரைக் கைவிடவில்லை. மொழியை மாற்றியது. பாவுல் பாட்டும் மேனாட்டு இசையும் கலந்து, தம் நகரத்தைப் பற்றித் தம் தாய்மொழியில் பாடினர். 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கொரு தட்டு வெளியிட்டனர். அன்று அவற்றைப் போற்றியவர் சிலரே, தூற்றியவர் பலர். 1981-இல் குழு கலைந்தது. அதுவரை கிரேட் பேருக்கும் இவர்களுக்கும் கதை ஒன்றே.

பிறகு நடந்ததுதான் வேறு. 1995-இல், தொடங்கி இருபதாண்டு கழித்து, பழைய பாட்டும் புதிய பாட்டுமாக ஒரு தொகுப்பு வெளிவந்தது. அப்போது கல்லூரியில் படித்த தலைமுறை அதை அள்ளிக்கொண்டது. சந்திரபிந்து, ஃபாஸில்ஸ் முதலாக நம் வங்க நண்பர்கள் விழாதோறும் பாடும் 'பாங்லா பேண்ட்' குழுக்கள் தழைத்தது அந்தத் தசாப்தத்திலேதான். 1999-இல் கௌதம் மறைந்தார், பாட்டு மறையவில்லை. அக்குழுவின் மெட்டு ஒன்று 2006-இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படம் வரை சென்றது. தம் காலத்தில் தோற்றவர்கள் பின்னொரு காலத்தில் வென்றது எப்படி? இரண்டு காரணம். ஒன்று, பாட்டு அவர்களுடையதாக, அவர்கள் மக்கள் மொழியில் இருந்தது. மற்றொன்று, தட்டில் பதிந்து இருந்தது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இருபதாண்டுக்குப் பின் எழுப்புவதற்கு எதுவும் இருந்திராது.

சிங்கப்பூரிலிருந்தும் ஒரு சான்று. அங்கே குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் 1961-இல் 'குவெஸ்ட்ஸ்' என்ற குழுவை அமைத்தனர். அப்பெயர் அவர்கள் பள்ளி இதழின் பெயர்! (நம் இதழின் பெயரில் ஒரு குழு எழுமா என்று எண்ணி நான் சிரித்துக்கொண்டேன்.) 1964-இல் அவர்கள் வெளியிட்ட 'ஷாண்டி' என்ற வாத்திய இசை, பிறரைப் பார்த்து எழுதியதன்று; சொந்தமாக அமைத்தது. அவ்வூர் வரிசையில் அது பீட்டில்ஸ் பாட்டைத் தள்ளி முதலிடம் பிடித்தது. பெரிய கம்பெனி தட்டு வெளியிட்டது. ஆகவே இன்றும் அவ்வூர் இசை வரலாற்றில் அம்மாணவர்க்கு இடம் உண்டு.

இவ்விடத்தில் சில தோழர்கள் குறுக்கிடுவர் என்பதை அறிவேன். "கிதாரும் டிரம்மும் அயலார் பண்பாடு, தமிழ்ச் சங்கத்தில் அதற்கு என்ன வேலை?" என்பர். அவர்களைக் கேட்கிறேன்: பிடில் எந்த ஊர்க் கருவி? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியில் நோட்டுஸ்வரப் பாடல்கள் இயற்றினாரே! கிளாரினெட்டை நாகசுரம் போல் வாசித்துக் காட்டிய ஏ. கே. சி. நடராஜனை அயலார் என்போமா? கருவி எங்கிருந்து வந்தது என்பது கேள்வியன்று. அதன் வழியே பேசுவது யார் குரல் என்பதே கேள்வி.

உஷா உதுப்பின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பம்பாயில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1969-இல் சென்னை மவுண்ட் ரோடிலிருந்த 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் புடைவை கட்டி மேடையேறி மேனாட்டுப் பாட்டுப் பாடினார். அதே ஆண்டு கல்கத்தாவின் ட்ரிங்காசுக்கு வந்தார். பின்னர் இந்நகரையே தம் ஊராக்கிக் கொண்டார். 1980களில் அவர் பாட்டைப் 'பண்பாட்டுச் சீரழிவு' என்று சொல்லி அரசு அரங்கை மறுத்தார்கள். அவர் நீதிமன்றம் சென்று வென்றார். 2024-இல் பத்மபூஷண் விருது வந்தது. நேற்றைய சீரழிவு இன்றைய பெருமையாயிற்று!

வேறு சிலர், "இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, படிக்க வந்த நமக்கு ஆகாது" என்பர். பார்க் தெருவுக்கு ஏழை மாணவன் போகவில்லை என்பது மெய்தான். அதை மறைக்க விரும்பவில்லை. அக்குழுக்களின் பாட்டு தெருவில் இறங்காததற்கு மொழியோடு இதுவும் ஒரு காரணம். ஆனால் இன்று சென்னையைப் பாருங்கள். 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராக் இசையையும் இணைத்து, சாதிக் கொடுமையைத் தமிழில் பாடியது. கிதார் அங்கே யாருடைய கருவி? வடசென்னை இளைஞனுடைய கருவி.

படிப்பைப் பற்றியும் ஒரு சொல். இராமன் இந்நகரில் பௌபஜாரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் உழைத்தபோது ஒளியை மட்டும் ஆராயவில்லை. வயலினை ஆராய்ந்தார், மிருதங்கத்தை ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவே இடும் கருஞ்சாந்து எவ்வாறு அதன் ஒலிக்குச் சுரத்தன்மை தருகிறது என்று விளக்கி 1920-இலேயே 'நேச்சர்' இதழில் தம் துணைவரோடு எழுதினார். பறைக்கும் மிருதங்கத்துக்கும் காது கொடுப்பது அறிவியலுக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை. நாம் நினைக்கலாமா?

இனி நம் மேடைக்கு வருகிறேன். பொங்கல் விழா என்றால் என்ன செய்கிறோம்? கோலம், கரும்பு, சர்க்கரைப் பொங்கல், பட்டிமன்றம், மாலையில் இசைநிகழ்ச்சி. இசைநிகழ்ச்சி என்றால் திரைப்பாடல், அதுவும் கரோக்கியில். திரைப்பாடலை நான் பழிக்கவில்லை. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விசுவநாதன்-இராமமூர்த்தி இரட்டையர் மேனாட்டுத் தாளத்தைத் தமிழுக்கு எவ்வளவு அழகாக வளைத்தனர்! அது பெரியோர் செய்த பெருஞ்செயல். ஆனால் அது அவர்கள் செய்தது. நாம் செய்தது எங்கே? பீட்டில்ஸ் பாட்டைப் பீட்டில்ஸ் போலவே பாடிய 1965-ஆம் ஆண்டுக் கல்கத்தா இளைஞனுக்கும், திரைப்பாட்டைப் பாடகர் போலவே பாடும் நமக்கும் என்ன வேறுபாடு? நல்ல குரல், நல்ல கைதட்டு, மறுநாள் ஒன்றுமில்லை.

நமக்கு இன்னொரு குறையும் உண்டு. நாம் நிலையாக இருப்போர் அல்லோம். முதுகலை இரண்டாண்டு, அதன்பின் ஒருவன் பெங்களூர், ஒருத்தி ஜெர்மனி, ஒருவன் மதுரை. அன்று ஆங்கிலோ-இந்தியர் கப்பலேறியது போல நாம் ஆண்டுதோறும் ரயிலேறுகிறோம். ஈராண்டுக்கு முன் நம் சங்கத்தில் யார் பாடினர், யார் பேசினர் என்று புதிதாக வந்த மாணவன் கேட்டால் எடுத்துக்காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? தட்டழியும் படங்கள் சில கைப்பேசியில் இருக்கும். கைப்பேசி மாறியதும் அவையும் போம். ஆய்வுக்கூடத்தில் குறிப்பேட்டில் எழுதாத சோதனையை எந்த ஆசிரியரும் சோதனையாக ஏற்பதில்லை. நாளும் அளவும் பெயரும் இல்லாத முடிவு முடிவன்று. அந்த ஒழுங்கைப் பகலில் கைக்கொள்ளும் நாம், மாலையில் சங்கத்துக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே மூன்று செயல்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் நம் உறுப்பினரே எழுதி, நம் உறுப்பினரே மெட்டமைத்த தமிழ்ப் பாட்டு ஒன்றேனும் இருத்தல் வேண்டும். கிதாரோடு பாடுங்கள், பறையோடு பாடுங்கள், இரண்டையும் சேர்த்துப் பாடுங்கள். நியூ டவுனின் காற்றையும், வயலும் மீன்பண்ணையும் இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிகளையும், விடுதி உணவையும், வீட்டு நினைவையும் பாடுங்கள். நன்றாக இல்லையே என்று அஞ்ச வேண்டா; மொஹினின் குதிரைகளையும் முதலில் நகைத்தார்கள்.

இரண்டாவது, பாடியதைச் செம்மையாகப் பதிவு செய்து, பாட்டின் எழுத்து, இயற்றியவர் பெயர், வாசித்தவர் பெயர், நாள் ஆகியவற்றோடு சங்கத்தின் பெட்டகத்திலும் நூலகத்திலும் ஒவ்வொரு படி வைத்தல் வேண்டும். நாற்பத்தைந்து சுற்றுத் தட்டுக்குக் கம்பெனி வாசலில் நின்றனர் அன்று. இன்று பதிவுக்கருவி நம் சட்டைப்பையில் இருக்கிறது. இனியும் சாக்கு உண்டோ?

மூன்றாவது, இந்நகரில் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் பல தலைமுறையாக வாழும் தமிழ்ப் பெரியோர் இருக்கின்றனர். 1960களில் அவர்கள் இளைஞர். என்ன கேட்டனர், எங்கே பாடினர், வங்க நண்பர்களோடும் ஆங்கிலோ-இந்திய நண்பர்களோடும் எவ்வாறு பழகினர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி, இவ்விதழில் ஆண்டுக்கு இருவர் நினைவையேனும் வெளியிடல் வேண்டும். அவர்கட்கு வயது எண்பதை நெருங்குகிறது. இப்பணிக்கு நாளை என்பது நெடுந்தொலைவு.

தோழர்களே! கவலியர்சும் கிரேட் பேரும் திறமையில் குறைந்தவர் அல்லர். காலம் அவர்களுக்கு மின்சாரத்தை மறுத்தது. கம்பெனி தட்டை மறுத்தது. தெரு அவர்கள் மொழியை அறியவில்லை. நமக்கோ மின்சாரம் உண்டு, பதிவு உண்டு, இரண்டாயிரம் ஆண்டாகப் பாடிப் பழகிய மொழி உண்டு. இவ்வளவும் இருந்தும் பிறர் பாட்டைப் பாடிவிட்டுப் பெட்டி கட்டுவோமாயின், நம்மை மன்னிக்க எக்காரணமும் வரலாற்றுக்கு இராது. வரும் தைக்கு இன்னும் சில திங்களே உள்ளன. எழுதத் தெரிந்தவர் எழுதுக, மெட்டுக்கட்டத் தெரிந்தவர் கட்டுக, வாசிப்பவர் வாசிக்க, ஒருவர் மறவாமல் பதிவு செய்க.